ஈசானிய மூலையில் இருந்த டப்பா

மண்வெட்டி ‘டங்’ என்றது. கல் என்றுதான் நினைத்தோம்.

இவர் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். கந்தலாகிப்போன மஞ்சள் துணி ஒன்று வந்தது. அதற்குள் மக்கிப்போன தானியம், பச்சை பிடித்த ஒரு செப்புக் காசு, எலுமிச்சம்பழமா வேறு ஏதாவதா என்று தெரியாத ஒரு கறுப்பு உருண்டை. அதற்குப் பக்கத்திலேயே உள்ளங்கையில் அடங்குகிற ஓர் எவர்சில்வர் டப்பா.

“திறக்காதீங்க” என்றேன். அதற்குள் திறந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷமாக நான் ‘வேண்டாம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் செய்து முடித்துவிடுகிற மனுஷர்.

உள்ளே குங்குமம். குங்குமத்தின் மேல் மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு தாலி.

செமினி ஊரைத் தாண்டி உள்ளே, நாங்கள் வாங்கிய நிலத்தில், பூமி பூஜைக்காகத் தோண்டிய முதல் குழி அது. வடகிழக்கு மூலை. ஈசானிய மூலை என்பார்களே, அங்கேதான் தோண்ட வேண்டும் என்று ஐயர் போனிலேயே சொல்லியிருந்தார். அவர் காஜாங்கிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. இவரும், நானும், செந்தூலிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் மல்லிகாவும் அந்த டப்பாவைச் சுற்றி நின்றோம்.

“அண்ணி, தொடாதீங்க! செய்வினை!” என்று கத்தினாள் மல்லிகா.

சொந்த மண்ணில் முதல் குழி. அதில் யாரோ ஒருத்தியின் தாலி. வேறு என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள்? என் கை தன்னால் என் கழுத்துக்குப் போனது.

அந்த டப்பாவை நான் என்ன செய்தேன் என்பது இதுவரை எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே ஆகவேண்டிய நாலாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இந்த வீட்டில் நாங்கள் இருக்க முடியுமா? இந்தக் குழப்பத்திலேயே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த வாரப் பத்திரிகைத் தொடருக்கு வேறு எதையோ எழுதத்தான் உட்கார்ந்தேன். கை இதையே எழுதுகிறது.

பாதி என்றால் எந்தப் பாதி?

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட் நாலாவது மாடி. கீழே பூக்கடை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசமும் பஸ் புகையும் சேர்ந்தே வரும். நடைபாதையில் பார்வையில்லாதவர்களின் கோல் ‘டக் டக்’ என்று போகும் சத்தத்தை வைத்தே மணி என்ன என்று சொல்லிவிடுவேன். எனக்கு அந்த வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை.

இவருக்குத்தான் ரிட்டயர் ஆனதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் பெயின்ட் டின்களில் கத்தரிக்காய், மிளகாய், கறிவேப்பிலை. நடக்க வழியில்லை என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு, “மண்ணு வேணும் சாந்தா, டின்னு போதாது” என்றார். அவ்வளவுதான். ஃபிளாட் விற்பனைக்குப் போனது.

நிலத்தைக் காட்டிய தரகர் வெள்ளைச் சட்டை, பளபள சப்பாத்து. சேற்றில் கால் வைக்காமல் ஒரு பலகை மேல் நின்றுகொண்டே மொத்த நிலத்தையும் காட்டிவிட்டார். ஓடை ஒன்று குறுக்கே ஓடியது. இந்தப் பக்கம் சமதளம், நாலு ரம்புத்தான், ஒரு பெரிய டுரியான் மரம். அந்தப் பக்கம் மேடு, இடுப்பளவு லாலான் புல், சேறு.

“பாதி ஷேர் உங்களுக்கு ஆன்டி. இதோ இந்தப் பக்கம்” என்று டுரியான் மரத்தை நோக்கிக் கையை நீட்டினார். “அந்தப் பக்கம் பாதி வேற பார்ட்டி, முன்னாடியே வாங்கிட்டாங்க. நீங்க லக்கிலா.”

முன்னாடியே வந்து வாங்கியவன் எதற்காக லாலான் புல்லை வாங்கினான்? இந்தக் கேள்வி அன்றைக்கு என் மண்டையில் உதிக்கவே இல்லை. என் கண் முழுக்க டுரியான் மரத்தின் மேலேயே இருந்தது.

வக்கீல் அலுவலகத்தில் ஒரு பெண் பிள்ளை மலாயிலும் இங்கிலீஷிலும் மடமடவென்று வாசித்தாள். பிரிக்கப்படாத பாதிப் பங்கு என்று ஏதோ வந்தது. இவர் பல் டாக்டரிடம் தலையாட்டுகிற மாதிரியே தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பாதி என்றால் பாதி. இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே போய் தோசை சாப்பிட்டோம்.

பாலத்தின் நடுவில்

குழிக்கு வருகிறேன். ஐயரின் மோட்டார் சத்தம் கேட்டதும் மல்லிகா டப்பாவைத் துணியோடு வாளிக்குள் போட்டு மூடிவிட்டாள். “அய்யர்கிட்ட மூச்சு விடாதீங்க. செய்வினைன்னு தெரிஞ்சா பூஜை பண்ணாமலே போயிடுவாரு.”

அந்த ஐயரிடம் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார், இது யாரோ செய்த பூமி பூஜை என்று. நவதானியமும் செப்புக் காசும் எதற்கு வைப்பார்கள் என்று எனக்கே தெரியும். என்னிடமே ஒரு பையில் அதே சாமான்கள் தயாராக இருந்தன! ஆனால் தாலியைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. ரெண்டடி தள்ளி வேறு குழி தோண்டி எங்கள் பூஜையை முடித்தோம். மந்திரம் முழுக்க என் பார்வை வாளியின் மேலேயே இருந்தது.

மறுநாள் இவருக்குக் காய்ச்சல். டாக்டர் ‘டிங்கி’ என்றார். அந்த வட்டாரத்தில் தேங்கி நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் சொருகிக் கிடந்தவரைப் பார்த்தபோது எனக்குக் கொசு ஞாபகம் வரவில்லை. டப்பாதான் ஞாபகம் வந்தது.

மல்லிகா தனக்குத் தெரிந்த ஒரு குறி சொல்கிறவரிடம் கேட்டுவிட்டு வந்தாள். ஓடுகிற தண்ணீரில் போட வேண்டுமாம். சொந்த நிலத்து ஓடையில் கூடாதாம். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவே கூடாதாம்.

அவள் காரிலேயே போனோம். ஆற்றுப் பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு டப்பாவைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி எறிந்தேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அந்த ஹாரனில்.

“தங்கமாச்சே சாந்தா, எடுத்து வச்சிருக்கலாமே” என்றார் இவர், கொஞ்சம் தெளிந்து கஞ்சி குடிக்கும்போது. “தங்கமாவது மண்ணாங்கட்டியாவது, பேசாம குடிங்க” என்று வாயை அடைத்தேன். நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பத்துமலைக் கோயில் படி ஏறி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி வேலை செய்துவிட்டோம் என்று மனசுக்குள் பெருமைவேறு.

கம்பத்துக்காரி ஆனேன்

பலகை வீடு எழும்பியது. ஈசானிய மூலையைக் காலியாக விட வேண்டும் என்பதால் அங்கே ஒரு துளசி மட்டும் வைத்தோம்.

கிராமத்தை இங்கே கம்பம் என்போம். முதல் மூன்று மாசம் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. குரங்கு வந்து சமையலறையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு என்னைத்தான் முறைத்தது. அட்டை ஏறினால் பிடுங்கக் கூடாதாம், உப்புப் போட வேண்டுமாம். பால் தீர்ந்துபோனால் வாங்கப் போக இருபது நிமிஷம். மழை பெய்தால் அந்த வழியும் இல்லை. இவர் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சேற்றோடு சேறாகச் சிரித்துக்கொண்டே திரிந்தார். எனக்கு எரிச்சலாக வரும்.

பக்கத்து வாழைத் தோட்டக்காரர் பாக் டின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! கேட்கவில்லை. கொசுவர்த்தி எங்கே மலிவு என்று கேட்டேன். யார் இங்கே முன்னால் வந்தார்கள் என்று கேட்கவில்லை.

கிள்ளானிலிருந்து ஒரு கார்

ஒரு காலை நேரம் சின்ன கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது இளம் பெண். பக்கத்தில் அறுபது தாண்டிய ஓர் அம்மா, சாம்பல் நிறப் புடவை, வெறும் நெற்றி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாரும்மா நீங்க? எங்க நிலத்துல வீடு கட்டியிருக்கீங்க?”

எனக்குக் கோபம் வந்தால் தமிழோடு மலாயும் சேர்ந்து வரும். “உங்க நிலமா? உங்க நிலம் ஓடைக்கு அந்தாண்ட இருக்கு, போய்ப் பாருங்க. அந்த லாலான் காடுதான் உங்களுது!”

“அந்தாண்டதான் வேற பார்ட்டின்னு சொன்னான்” என்றார் அந்த அம்மா. “டுரியான் மரத்துப் பக்கம் எங்களுதுன்னு கைய நீட்டிக் காட்டினான். எங்க வீட்டுக்காரர் கூட இருந்தாரு.”

“வெள்ளைச் சட்டையா?” என்று கேட்டார் இவர், கையில் மண்வெட்டியோடு.

“வெள்ளைச் சட்டைதான். சேத்துல கால் வைக்கல.”

நாங்கள் கிராண்டைக் கொண்டுவந்தோம். நிலப் பட்டாவை இங்கே கிராண்ட் என்றுதான் சொல்கிறோம். அவர்களும் ஒரு நகலை நீட்டினார்கள். ரெண்டும் ஒரே காகிதம். ஒரே எண். அதில் இவர் பெயரும் இருந்தது, அந்த அம்மாவின் கணவர் பெயரும் இருந்தது. எங்கள் காகிதத்தில் அந்தப் பெயரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். லாலான் காட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு பாக் டின் வந்தார். அந்த அம்மாவை அடையாளம் தெரிந்து தலையசைத்தார். “இவங்களைத் தெரியுமே, இவங்க புருஷனோடு வந்து இங்கேதான் சாமி கும்பிட்டாங்க, அந்த மூலையில் குழி தோண்டி” என்று மலாயில் சொல்லி, துளசியைக் காட்டினார்.

என் கை மறுபடியும் என் கழுத்துக்குப் போனது.

அந்த அம்மா மெல்ல நடந்து அந்த மூலைக்குப் போனார். முழங்கால் வலியோடு குனிந்து மண்ணைத் தொட்டார். “நல்லவேளை, இங்க ஒண்ணும் கட்டல” என்றார் மகளிடம். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நானே கேட்ட மாதிரி சொன்னார்: “பூஜை போட்டு நாலே மாசத்துல அவர் போயிட்டாரு. பதினாறாம் நாளு தாலியக் கழட்டினாங்க. உண்டியல்ல போடச் சொன்னாங்க, உருக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. அவர் கையால தோண்டின குழி இது ஒண்ணுதான். இங்கயே கொண்டாந்து வச்சிட்டேன்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றேன்.

அவர் பெயர் பாக்கியம். மகள் பெயர் கவிதா.

எல்லாம் ரெண்டு பேருக்கும்

நில அலுவலகத்துக்கு ரெண்டு வீட்டாரும் ஒன்றாகவே போனோம். அங்கிருந்த மலாய்ப் பெண்மணி பொறுமைசாலி. எத்தனை பேருக்கு இதை விளக்கியிருப்பாரோ, பாவம்.

இந்தப் பாதி, அந்தப் பாதி என்று ஒன்றுமே இல்லையாம். ஒரு ஏக்கர் மொத்தமும் ரெண்டு பேருக்குமாம். டுரியான் மரத்திலும் பாதி அவர்களுடையது, லாலான் புல்லிலும் பாதி எங்களுடையது. “அப்ப என் அடுப்படி?” என்று கேட்டேன். அது நிற்கிற மண்ணும் ரெண்டு பேருக்கும்தானாம். விவசாய நிலம், இதற்கு மேல் சின்னதாகப் பிரிக்கவும் வழியில்லை. எது செய்வதானாலும் ரெண்டு கையெழுத்து வேண்டும். ஒருத்தர் ஒப்பவில்லை என்றால் கோர்ட்டுதான்.

யார் யாரை ஏமாற்றினார்கள்? தரகர் பாதி என்றார், பாதிதான். வக்கீல் பிரிக்கப்படாதது என்றார், அதுவும் உண்மைதான். காகிதத்தில் ஒரு பொய்கூட இல்லாமலே ரெண்டு குடும்பத்துக்கு ஒரே மரத்தைக் காட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பால் கலக்காத தே ஓ குடித்தோம். நான் கோர்ட்டுக்கு மனசளவில் தயாராகிவிட்டேன். பிறகு பாக்கியம் அக்கா சொன்னார்:

“வீட்டக் கட்டிட்டீங்க. இடிக்கவா சொல்ல முடியும்? நீங்க இருங்க தங்கச்சி. எனக்கு அந்த மூலை மட்டும் போதும். வெள்ளிக்கிழமை வந்து ஒரு விளக்கு வைப்பேன், அவ்ளோதான். அத மட்டும் யாரும் மிதிக்காம பாத்துக்குங்க.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “சரிங்க அக்கா” என்று வந்தது.

என்ன மாடல்?

மறுவாரம் இவரும் நானும் அந்தப் பாலத்துக்குப் போனோம். மழைக்காலம். தண்ணீர் தேயிலைச் சாயமாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் கரையில் இறங்கி, கால்சட்டையை மடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் குச்சியால் துழாவினார். நான் மேலே நின்று அழுதேன். அவர் வெறுங்கையோடு ஏறி வந்தார்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை. பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குப் பழக்கமான நகைப் பத்தர் ஒருவர் இருக்கிறார். புதுசாக ஒரு தாலி செய்து, அதே மாதிரி டப்பாவில் போட்டு, அதே இடத்தில் புதைத்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது?

“தாலிங்களா? என்ன மாடல்மா?” என்றார் பத்தர். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெல்வெட் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். பிள்ளையார் வைத்தது, லட்சுமி வைத்தது, சிவலிங்கம், பொட்டு, இன்னும் என்னென்னவோ. “ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு இருக்கும்லமா. உங்க வீட்டு வழக்கம் எது?”

நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தாலி என்று பார்த்தேனே ஒழிய, எந்தத் தாலி என்று பார்க்கவில்லை. ஒருத்தி முப்பது, நாற்பது வருஷம் கழுத்தில் போட்டிருந்ததை நான் ஒரு நிமிஷம்கூட ஒழுங்காகப் பார்க்காமல் தூக்கிப் போட்டிருக்கிறேன். இவரிடம் கேட்டேன். “மஞ்சக் கயிறு இருந்துச்சு” என்றார். அவருக்கும் அவ்வளவுதான் ஞாபகம்.

“அப்புறம் வரேண்ணே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெரு முனையில் நின்று என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். ஏமாற்றுவதற்குக்கூட லாயக்கில்லாதவள்.

வெள்ளிக்கிழமைகள்

பாக்கியம் அக்கா சொன்ன மாதிரியே வந்தார். ரெண்டு வெள்ளிக்கு ஒருமுறை, கவிதாவுக்கு வேலையில்லாத நாளாகப் பார்த்து. துளசிக்குப் பக்கத்தில் அகல் ஏற்றுவார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவார். என்னிடம் அல்ல, மண்ணிடம். கவிதாவுக்கு வேலையில் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள், முழங்காலுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள், இந்த மாதிரி. நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்பேன். சில நாள் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன்.

கரண்டு இணைப்புக்கு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. காகிதத்தை வாசிக்கக்கூட இல்லை. “எங்க போடணும்னு காட்டுங்க” என்று போட்டுக் கொடுத்தார். டுரியான் விழுகிற பருவத்தில் பாதிக்கு மேல் அவர் காரில் ஏற்றினோம். “இவ்ளோ எதுக்கு தங்கச்சி?” என்று கன்னத்தைத் தொட்டார். அந்தத் தொடுதல் எனக்குச் சூடு வைத்த மாதிரி இருந்தது.

இவரிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், சொல்லிவிடட்டுமா என்று. “சொன்னா அந்தம்மா என்னத்தப் புடிச்சிக்கிட்டு இருப்பாங்க?” என்பார் ஒருநாள். “சொல்லாம இருக்கிறது பாவம்லா” என்பார் மறுநாள். மல்லிகாவோ, “அண்ணி, கோர்ட்டுக்குப் போனா வீடு போயிடும், வாய மூடிக்கிட்டு இருங்க” என்கிறாள். மூன்றுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அதுதான் பெரிய தொல்லை.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, நான் போய்ட்டா அத எடுத்து என்கூட வச்சிடச் சொல்லி கவிதாகிட்ட சொல்லியிருக்கேன். அவளால தனியாத் தோண்ட முடியாது. நீங்கதான் தோண்டிக் குடுக்கணும்.”

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

கவிதா ஒவ்வொரு வாரமும் பத்திரிகை வாங்கி இந்தத் தொடரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். ஃபிளாட்டை விற்ற கதையைக் கேட்டு ரொம்பச் சிரித்தார்களாம். ஆகவே இப்போது கவிதா, நீ வாசித்துக்கொண்டிருப்பாய். நிறுத்தாதேம்மா, முழுசாக வாசி. உன் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் உன் வாயால் சொல்ல வைக்கிறேன். இதற்கும் சேர்த்து என்னை மன்னித்துக்கொள்.

பாக்கியம் அக்கா, அந்த மூலையில ஒண்ணும் இல்ல. ஒரு வருஷமா வெறும் மண்ணுக்குத்தான் விளக்கு வைக்கிறீங்க. செய்வினைன்னு பயந்து நான்தான் உங்க தாலிய ஆத்துல தூக்கிப் போட்டேன். போடும்போது கண்ணக்கூடத் திறக்கல.

வீட்ட விட்டுப் போகச் சொன்னா போயிடறோம், கோர்ட்டு எல்லாம் வேணாம். என்னத் திட்டணும்னா நேர்ல வந்து திட்டுங்க அக்கா. போன்ல வேணாம், இங்க லைன் விட்டு விட்டுத்தான் கேக்கும். ஒரு வார்த்தகூட எனக்குத் தப்பக் கூடாது.